வார்டுக்குத் திரும்பும் நாள்: துணையை இழந்த தாதிய மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் திருகோணமலையில் தாதியாக வேலை செய்கிறேன். பயிற்சியின் இரண்டாம் வருடத்தில் என் கணவர் இறந்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் கந்தளாய்க்குப் போனவர், பத்தரை மணிக்கு வீதி விபத்தில் முடிந்துவிட்டார். அந்த நேரம் நான் வார்டில் ஒரு கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மூலை மடித்தாயிற்று, நாலாவதை மடிக்கும்போது போன் வந்தது. பயிற்சியை ஒரு பட்ச் பிந்தி முடித்தேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி): அக்கா, அவர் போய் இருபத்து மூன்று நாள். மாரடைப்பு. நாலு வயதில் மகன் இருக்கிறான். படிப்பை விட்டுவிடச் சொல்லி அம்மா சொல்கிறா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

தங்கச்சி, இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கே முடியவில்லை. இப்போது எதையும் முடிவெடுக்க வேண்டாம். விலகல் கடிதம் வேறு, லீவுக் கடிதம் வேறு. விலகினால் திரும்ப உள்ளே வருவது பெரும்பாடு. லீவு கேட்டால் கதவு திறந்தே இருக்கும். மரணச் சான்றிதழின் பிரதியை இணைத்து, படிப்பைத் தள்ளிப்போட அனுமதி கேட்டு எழுதுங்கள். எத்தனை கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) மணித்தியாலம் குறையும், அடுத்த பட்சுடன் சேரலாமா, கட்டிய காசு அல்லது கிடைக்கிற கொடுப்பனவு என்னவாகும் என்று மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

நான் பன்னிரண்டாம் நாளே விலகல் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். என் டியூட்டர் அதை வாசித்தா, நாலாக மடித்து லாச்சியில் வைத்துப் பூட்டினா. "முப்பத்தொன்று முடியட்டும், பிறகு வந்து கேள், தாறன்" என்றா. நான் பிறகு கேட்கவேயில்லை.

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். பேரப்பிள்ளையை யார் பார்ப்பது என்ற பயத்தில்தான் அவ அப்படிச் சொல்கிறா. டியூட்டி நாட்களில் மகன் யாரோடு இருப்பான் என்று நாள் நாளாக ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: நான் தாதிய மாணவி. முதல் நாள் இரவு நெஞ்சு எரிகிறது என்றார். காஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்து மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். விடியற்காலையில் விழுந்துவிட்டார். நானே நெஞ்சை அமுக்கி சி.பி.ஆர். செய்தேன். விலா எலும்பு முறிந்த சத்தம் இன்னும் கேட்கிறது. படித்தும் காப்பாற்றவில்லையே.

இந்தக் கேள்வியை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். மெதுவாகவே பதில் சொல்கிறேன்.

நெஞ்செரிவையும் மாரடைப்பையும் பேச்சை மட்டும் கேட்டுப் பிரிக்க அனுபவமுள்ள டொக்டராலும் முடியாது. அதற்காகத்தான் ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் ஏறும் ட்ரொபோனின் என்ற புரதத்தைப் பார்க்கிறார்கள். ட்ரொபோனின் கூட முதல் சில மணித்தியாலத்தில் ஏறாமல் இருக்கலாம், அதனால்தான் திரும்பவும் எடுப்பார்கள். உங்கள் வீட்டு அறையில் அது எதுவும் இருக்கவில்லை. நெஞ்செரிவு என்று சொன்ன கணவருக்கு ஒரு மனைவி செய்வதைத்தான் செய்தீர்கள்.

அடுத்தது அந்தச் சத்தம். பெரியவர்களுக்கு நெஞ்சை 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அந்த ஆழத்துக்கு அமுக்கினால் விலா எலும்பு முறிவது சாதாரணம். நீங்கள் அவரைக் காயப்படுத்தவில்லை. போதிய ஆழத்துக்குத்தான் அமுக்கியிருக்கிறீர்கள். இதயத் துடிப்பு குழம்பி நிற்கும்போது, சி.பி.ஆர். இல்லாமல், ஷொக் கொடுக்கும் கருவி வந்து சேரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நம் கை அந்தக் குறைவை மெதுவாக்கும், அவ்வளவுதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் உப்புவெளி, நிலாவெளி வீதிகளுக்கு நேரம் தேவை. அவரது கடைசி நிமிடங்களில் அவர் மேல் இருந்தது உங்கள் கை, தெரியாத ஒருவரின் கை அல்ல.

இன்னொன்று செய்யுங்கள். அவரைப் பார்த்த டொக்டரிடம் இருபது நிமிடம் கேளுங்கள். பிரேத பரிசோதனை அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். நான் ஐந்து மாதம் கழித்துப் போய், "அவருக்கு நோ தெரிந்திருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் கிடைத்த அன்றுதான் நாலு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் நித்திரை கொண்டேன்.

கேள்வி: வகுப்பில் துக்கத்தின் ஐந்து கட்டங்கள் படிப்பித்தார்கள்: மறுப்பு, கோபம், பேரம் பேசல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல். எனக்குக் கோபமும் வரவில்லை, எதுவும் அந்த ஒழுங்கில் வரவில்லை. கன்டீனில் சிரித்தும் விட்டேன். எனக்கு ஏதும் பிழையா?

ஒன்றுமில்லை. அந்த ஐந்து கட்டங்களையும் எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969இல் எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசித்தான். பின்தங்கி இருக்கிற மனைவிக்கான நேரசூசி அல்ல அது. பரீட்சைக்கு எழுதுங்கள், உங்களை அதில் வைத்து அளக்காதீர்கள். ஸ்ட்ரோப், ஷுட் என்ற இருவர் 1999இல் சொன்னதுதான் எனக்குப் பொருந்தியது. துக்கப்படுகிறவர் ஊஞ்சல் மாதிரி, ஒரு நேரம் இழப்பின் பக்கம் போவார், ஒரு நேரம் சமையல், படிப்பு, பிள்ளை என்று வாழ்க்கையின் பக்கம் வருவார். இரண்டும் தேவை. கன்டீனில் சிரித்ததும் இரவில் அழுததும் ஒரே துக்கம்தான்.

மாதங்கள் போயும் குறையவே இல்லை, எழுந்து குளிக்கக்கூட முடியவில்லை என்றால் அது வேறு. அதை ஒரு நோய்நிலை என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தல் 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் பெரியவர்களுக்கு ஒரு வருடத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. அதற்குள் உதவி கேட்கக் கூடாது என்று அர்த்தமில்லை.

கேள்வி: ஒரே வரியைப் பத்துத் தரம் வாசிக்கிறேன். நேற்று மருந்துக் கணக்கில் புள்ளியை மாற்றி வைத்துவிட்டேன், சிஸ்டர் பிடித்தா. இரவில் நித்திரையே இல்லை.

சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: "எனக்கு இப்போது கணக்கு ஓடவில்லை, இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும்." அளவு பிசகினால் உயிருக்கே ஆபத்தான இன்சுலின், ஹெபரின், பொட்டாசியம் பக்கம் தனியாகப் போகவே வேண்டாம். அப்படிச் சொல்கிற மாணவியை நான் நம்புவேன். படிப்புக்கு இருபது நிமிடம், வாய்விட்டு வாசியுங்கள். நித்திரைக்கு வார்ட் அலுமாரியிலிருந்து ஒரு மாத்திரையும் எடுக்காதீர்கள், அரை மாத்திரைகூட. டொக்டரிடம் உங்கள் பெயரில் துண்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி (கிண்ணியா): கணவர் இறந்தபின் நாங்கள் வீட்டில் இருக்கும் இத்தாவில் இருக்கிறேன், மிஸ்ஸி. நாலு மாதம் பத்து நாள். கிளினிக்கல் விட்டுப்போகிறது. வீட்டில் போக விடமாட்டார்கள்.

நான் சைவப் பெண், மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவசியத் தேவைக்குப் பகலில் வெளியே போக இடமிருக்கிறது என்று சொல்லும் உலமாக்கள் இருக்கிறார்கள். படிப்பு அதில் அடங்குமா என்று உங்கள் மௌலவியிடம் நீங்களே கேளுங்கள், இன்னொருவர் வாயால் வேண்டாம். இருப்பது என்று முடிவானால் தொடங்கும் திகதி, முடியும் திகதி இரண்டையும் போட்டுக் கல்லூரிக்கு எழுதுங்கள். தியரி நோட்ஸை ஒரு தோழி கொண்டுவந்து தரட்டும். கிளினிக்கல் மணித்தியாலங்களைப் பிறகு கூட்டிச் செய்யலாம். இத்தாவை மதித்தே படிப்பை முடித்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

கேள்வி: பொட்டு வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வழியில் மாமியின் சொந்தக்காரி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னா.

எனக்குச் செத்தவீட்டிலேயே சொன்னார்கள், "இனி வெள்ளைதானே, யூனிபார்ம் வசதியாப் போச்சு" என்று. அந்த வெள்ளை யூனிபார்மை ஒவ்வொரு ஞாயிறு இரவும் அயன் பண்ணித் தந்தது என் கணவர். கொலரை முதலில் அழுத்தி, பிறகு கை, கடைசியில்தான் முன்பக்கம். அவர் பார்த்துப் பார்த்து மடித்த உடுப்பை விதவைக் கோலம் என்று சொல்ல நான் விடவில்லை. நானே அயன் பண்ணப் பழகினேன், அதே ஒழுங்கில். பொட்டு வைப்பதும் விடுவதும் உங்கள் மனம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (ஆண், மூதூர்): மனைவி பிரசவத்தில் போய்விட்டா. அடுத்த மாதம் லேபர் ரூம் கிளினிக்கல்.

தம்பி, இப்போதே டியூட்டரிடம் போங்கள், கிளினிக்கல் ஒழுங்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். லேபர் ரூமைக் கடைசிக்குத் தள்ளலாம். போகும்போதும் முதல் நாள் ஒரு மணித்தியாலம் மட்டும், கூட ஒருவர் நிற்க. ஆண் என்று அழாமல் நிற்காதீர்கள். லினன் அறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்த ஆண் தாதியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடதாசி வேலைகள் எதுவும் விளங்கவில்லை. எங்கே தொடங்குவது?

திடீர் மரணம் என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை முடிந்துதான் பதிவு நடக்கும். மரணச் சான்றிதழை ஒன்றிரண்டு அல்ல, பல பிரதிகள் பிரதேச செயலகத்தில் எடுங்கள். தனியார் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் இருக்கும், சேமலாப நிதிக்குத் தொழில் திணைக்கள அலுவலகத்திலும் நம்பிக்கை நிதிக்கு அந்த நிதியின் சபையிலும் கேளுங்கள். சம்பளத்தில் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேமலாப நிதிக்குப் போகிறது, முதலாளியின் இன்னொரு 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்கு. அரசாங்க வேலை என்றால் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். லீசிங்கில் எடுத்த ஓட்டோ, மோட்டார் சைக்கிள் இருந்தால் கடனுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று எழுதிக் கேட்குமுன் புதிதாக எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

கேள்வி: அவரிடமே போய்விட வேண்டும் போல் இருக்கிறது. எவ்வளவு மருந்து தேவை என்று எனக்குத் தெரியும்.

இதை வாசித்ததும் உங்களோடு நேரே பேசினேன். இதே நினைப்பு வேறு யாருக்கும் இருந்தால் இப்போதே வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், இன்றிரவு தனியே இருக்காதீர்கள். வீட்டிலுள்ள மருந்தை, எழுப்பிய அந்த ஆளிடம் கொடுத்துவிடுங்கள். 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். ஆசுபத்திரிக்கே வந்தாலும் வெட்கப்பட எதுவுமில்லை. நெஞ்சு நோவுக்கு வருவது போலத்தான்.

கேள்வி (சக மாணவி): கணவரை இழந்த எங்கள் தோழி திங்கட்கிழமை திரும்பி வருகிறாள். நாங்கள் என்ன சொல்வது?

அதிகம் பேச வேண்டாம். சாப்பாட்டுப் பொதி ஒன்று கூடுதலாகக் கொண்டு போங்கள். "ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லு" என்றால் அவள் சொல்லமாட்டாள். "புதன்கிழமை உன் நைட்டை நான் செய்யிறன்" என்றால் தலையாட்டுவாள். அவள் கணவரின் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள்.

கேள்வி: அவரது முதல் வருட ஆட்டைத் திவசமும் இறுதிப் பரீட்சையும் ஒரே நாள் வருகிறது, அக்கா.

முதலில் பஞ்சாங்கம் பாருங்கள். திவசம் திதிப்படி வருவது, ஆங்கிலத் திகதியோடு பெரும்பாலும் பொருந்தாது, முன்பின் இருக்கலாம். அப்படியும் அதே நாள்தான் என்றால் ஐயரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் கிரியை செய்ய நேரமில்லாவிட்டால் வீட்டிலேயே விடியப்புறம் முடிக்கலாமா என்று கேளுங்கள். மகன் சின்னவன் என்றால் அவனுக்காக யார் செய்வது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். படையலுக்கு மரக்கறி முதல் நாள் பின்னேரமே நறுக்கி வைக்கட்டும், அது உங்கள் வேலை அல்ல. அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனை, மூன்றையும் முதல் நாள் இரவே பைக்குள் வையுங்கள். காலையில் தேட வேண்டி வந்தால் கை நடுங்கும்.