ஒற்றை மாணவியின் ரயில்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக மூன்று வருடம் ரயில் விட்டார்கள், அவள் படிப்பு முடிந்ததும் ஸ்டேஷனை மூடினார்கள் என்ற செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடி வந்தது. கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊர் ஹால்ட்டில் கொரோனாவுக்கு முன் நான்கு பாசஞ்சர் நின்றன. இப்போது ஒன்றுதான். ஆளில்லாத ஸ்டேஷன் என்பதால்தானே இந்த அலட்சியம்? அந்த மனிதாபிமானம் நமக்கு ஏன் வருவதில்லை?

கே., தஞ்சை மாவட்டம்

அன்புள்ள கே.,

எனக்கும் அந்தச் செய்தி வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. 2016 ஜனவரியில் கிளம்பியது, இன்னும் எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டேஷனின் பெயர் கியூ-ஷிராதாகி. முதலில் பரவிய பதிவுகளில் பெயரே தவறு. பக்கத்திலிருந்த காமி-ஷிராதாகியைப் போட்டிருந்தார்கள். மாணவி உண்மை. அங்கே வழக்கமாக ஏறுகிறவர் அவர் ஒருவர்தான் என்பதும் உண்மை. ஆனால் வண்டி அவருக்காக விடப்பட்டதல்ல. செகிஹொகு பாதையில் எப்படியும் போகிற வண்டி, வழியில் அங்கேயும் நின்றது, அவ்வளவுதான். மூடியது 2016 மார்ச் 26. ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ரயில் கால அட்டவணையும் ஆண்டுதோறும் மார்ச்சில் மாறுகிறது. ஹொக்கைடோவுக்கு முதல் ஷிங்கான்சென் புல்லட் ரயில் வந்ததும் அதே நாளில்தான். காமி, கியூ, ஷிமோ என்று மூன்று ஷிராதாகிகளும் அன்று ஒன்றாக மூடப்பட்டன. அந்த நவம்பரில், 1237 கிலோமீட்டர் பாதையைத் தனியாகப் பராமரிக்க முடியாது என்று அங்கே ரயில் விடும் ஜே.ஆர். ஹொக்கைடோ நிறுவனமே அறிவித்தது. மனம் இளகியவர்களாக எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கிறவர்கள்.

ஆளில்லாததால் அலட்சியம் என்கிறீர்கள். ஜப்பானில் ஏறத்தாழப் பாதி ஸ்டேஷன்களில் ஆள் கிடையாது. ஏறும்போது கதவருகே எண் அச்சிட்ட சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். டிக்கெட் கவுண்டரை வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். நாம் அதை ஊர்க்காரர் ஒருவரின் தோளில் ஏற்றினோம்.

ஹால்ட் ஏஜென்ட் ரயில்வே ஊழியர் அல்லர். பக்கத்து ஸ்டேஷனில் பணம் கட்டி டிக்கெட்டுகளை வாங்கி வந்து விற்பார், விற்றதில் கமிஷன். சம்பளமும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஹால்ட்டில் சிக்னல் கிடையாது, வண்டி ஒதுங்கி நிற்க இன்னொரு தண்டவாளமும் கிடையாது. அட்டவணைப்படி வண்டி நிற்கும், கார்டு கொடி காட்டியதும் புறப்படும். (2022 முதல் கார்டுக்கு ‘ட்ரெயின் மேனேஜர்’ என்று பெயர். ஹால்ட்டில் அவர் மேலாண்மை செய்ய ஓர் ஆடும் இரண்டு சிமென்ட் பெஞ்சுகளும் இருக்கும்.) நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்து ஹால்ட்டுக்கு ஏஜென்ட் சைக்கிளில் வருவார். அட்டை டிக்கெட்டுகள் மஞ்சள் பையில் இருக்கும். வரப்பில் யாராவது ஓடி வந்தால், “இன்னும் ஒருத்தர் வருகிறார், சார்” என்று கார்டைப் பார்த்துக் கையை உயர்த்துவார். வண்டி போனதும் அறையைப் பூட்டிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அந்த ஸ்டேஷனை ஆளில்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் ஹால்ட்டைக் காலி செய்தது வேறு. 2020 மார்ச்சில் நின்றுபோன பாசஞ்சர்கள் பல, திரும்பி வந்தபோது ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ ஆகியிருந்தன. 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது. பல ஹால்ட்டுகள் விடுபட்டன. 2024 தொடக்கத்தில் கட்டணம் பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. நிறுத்தங்கள் எல்லாம் அப்படித் திரும்பவில்லை.

ஆகவே மனு எழுதினால் அதில் மனிதாபிமானத்தைக் கேட்காதீர்கள். 2019 அட்டவணைப்படி உங்கள் ஊரில் நின்ற வண்டிகளின் எண்களை எழுதி, அவற்றில் இப்போதும் அந்த வழியாகப் போகிறவை மறுபடி நிற்க வேண்டும் என்று கேளுங்கள். புது வண்டி கேட்டால் பெட்டி இல்லை, எஞ்சின் இல்லை என்று பதில் வரும். போகிற வண்டி ஒரு நிமிடம் நிற்க முடியாது என்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம்.

இன்னொன்று. செல்போனில் டிக்கெட் எடுத்தால் ஏஜென்டுக்குக் கமிஷன் போகாது, அவரிடமே வாங்குங்கள். ஒற்றை வண்டிக்காக இன்னும் வருகிறாரா அவர்? எழுதுங்கள்.