சீனியர்கள் ஆளுக்கொரு திசையில் போயிருக்கிறார்கள், நான் யாரைப் பின்பற்றுவது?

கேள்வி: பெண்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரி விழா மலரில் முன்னாள் மாணவிகள் பற்றிய பக்கங்களைப் படித்தேன். ஒருவர் நீதிபதி. ஒருவர் நாற்றுப் பண்ணை நடத்துகிறார். ஒருவர் வங்கி வேலையை விட்டுவிட்டு, பல வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் ஆசிரியை ஆகியிருக்கிறார். என் பாடத்தையே படித்த ஒருவர் மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கிறார். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. இவர்களில் யாரைப் பார்த்து நான் திட்டமிடுவது? பெண்கள் கல்லூரியில் படித்தது வெளியே குறையாகத் தெரியுமா? நடுவில் இடைவெளி விட்டால் அதோடு முடிந்ததா?

பதில்: யாரையும் முழுசாகப் பின்பற்ற முடியாது, அப்படித் திட்டமிடவும் வேண்டாம். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைவிட, எந்த இடத்தில், எதனால் திரும்பினார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். விழா மலர் அதைத்தான் விட்டுவிடும். "இன்று மாவட்ட நீதிபதியாகத் திகழ்கிறார்" என்று முடிவிலிருந்து பின்னோக்கி எழுதும்போது, எல்லாமே முதல் நாளிலிருந்து போட்ட திட்டம் மாதிரித் தெரியும். நடுவில் தேர்வில் தோற்றது, ஊர் மாறியது, சம்பளமே இல்லாமல் இரண்டு வருடம் ஓட்டியது எதுவும் அதில் வராது. இன்னொன்று, மலரில் இடம்பிடித்தவர்கள் மட்டும்தான் அதில் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரியில் படித்த பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை.

ஒரே வகுப்பு, ஒரே பட்டம் என்பதால் ஒரே பாதை வந்துவிடாது. இது இன்று நேற்று வந்த நிலைமையும் இல்லை. 1883-ல் கல்கத்தாவின் பெத்தூன் கல்லூரியிலிருந்து இருவர் பி.ஏ. முடித்தார்கள். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் அவர்கள்தான். அவர்களில் சந்திரமுகி பாசு அடுத்த வருடமே எம்.ஏ. முடித்து, அதே கல்லூரியில் பாடம் நடத்தி, அதன் முதல்வராகவும் ஆனார். உடல்நிலை காரணமாகச் சில வருடங்களிலேயே ஓய்வு பெற்றார். காதம்பினி கங்குலி அதே வருடம் திருமணம் செய்துகொண்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், டாக்டரானார், பெரிய குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே 1890-களில் பிரிட்டனுக்குப் போய் மேல்தகுதியும் வாங்கி வந்தார். இருவரில் யார் 'சரியான' வழியில் போனார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

வரலாறு படித்தவர் என்பதால் உங்களுக்கு அமெரிக்கச் சமையல் நிபுணர் ஜூலியா சைல்டின் கதை பிடிக்கும். 1934-ல் அமெரிக்காவின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் வரலாற்றில் பட்டம் வாங்கினார். முதல் வேலைகளில் ஒன்று, ஒரு மரச்சாமான் கடைக்கு விளம்பர வாசகம் எழுதுவது. போர்க்காலத்தில் உளவு அமைப்பு ஒன்றில் ரகசியக் கோப்புகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் வேலை. அதற்காக இலங்கைக்கும் சீனாவுக்கும் போனார். கணவருக்குப் பாரிஸில் பணி கிடைத்தபோதுதான், 37 வயதில், சமையல் பள்ளியில் சேர்ந்தார். முதல் புத்தகம் 1961-ல் வந்தபோது வயது 49. அதன் பிறகுதான் தொலைக்காட்சி, புகழ் எல்லாம். (படித்துவிட்டுக் கடைசியில் அடுப்படிதானா என்று வீட்டில் யாராவது கேட்டால், அவர் அடுப்படியை வைத்தே ஒரு நாட்டின் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கலக்கியவர் என்று சொல்லுங்கள்.) கோப்பு வேலையின் ஒழுங்கும், விளம்பரம் எழுதிப் பழகிய கையும் அந்தச் சமையல் புத்தகத்துக்கு உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. முதல் வேலையிலிருந்து பதவியின் பெயர் நம்மோடு வராது, கைப்பழக்கம்தான் வரும். அதனால் முதல் வேலையைத் தேர்வு செய்யும்போது "இது என் பாடத்துக்குப் பொருத்தமா" என்று பார்ப்பதைவிட, "இங்கே இரண்டு வருடம் இருந்தால் என் கையில் என்ன பழகும்" என்று பாருங்கள்.

பாடத்துக்கு வெளியே எடுத்த ஒரு வகுப்பு என்ன செய்யும் என்பதற்கு, ஃபிரான்சிஸ் பெர்கின்ஸின் கதையை என்னிடம் வருபவர்களுக்கெல்லாம் சொல்வேன். அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் 1902-ல் பட்டம் பெற்றார். படித்தது இயற்பியலும் வேதியியலும். ஆனால் கடைசி வருடத்தில் அமெரிக்கப் பொருளாதார வரலாறு என்று ஒரு வகுப்பு எடுத்தார். அந்த ஆசிரியை மாணவிகளைப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பி, அங்கே வேலை செய்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்த்து எழுதி வரச் சொன்னார். பட்டம் வாங்கிய பிறகு பெர்கின்ஸ் பள்ளியில் பாடம் நடத்தினார். விடுமுறை நாட்களில் சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் தொண்டு செய்தார். அப்புறம் மேல்படிப்பு. 1911 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு தையல் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தபோது அருகில் இருந்து பார்த்தார். பூட்டிக் கிடந்த கதவுகள், மாடியிலிருந்து குதித்த பெண்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்களுக்காக உழைக்கத் தொடங்கியவர் 1933-ல் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் ஆனார், தொழிலாளர் துறைக்கு. கணவர் மனநோயால் நீண்ட காலம் அவதிப்பட்டதால், வீட்டுச் செலவும் அவர் தலையில்தான் இருந்தது. விழா மலர் எழுதினால் அந்தக் கடைசி வரி நிச்சயம் விடுபடும். உங்களுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது அல்லவா? உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தாள், ஒரு களப்பணி, ஒரு வார இன்டர்ன்ஷிப், ஏதாவது ஒன்றை இப்போதே எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில திருப்பங்களை நாம் தேர்வு செய்வதில்லை, வாசலில் நிறுத்தப்படுகிறோம். வர்ஜீனியா ஆப்கார் அதே மவுண்ட் ஹோலியோக்கில் 1929-ல் விலங்கியல் முடித்து, மருத்துவம் படித்து, அறுவை சிகிச்சை நிபுணராகப் பயிற்சி தொடங்கினார். பெண்ணுக்கு அந்தத் துறையில் பிழைப்பு கஷ்டம் என்று துறைத் தலைவரே சொல்லி, மயக்க மருந்தியல் பக்கம் அனுப்பினார். அன்று அது மதிப்புக் குறைந்த பிரிவு. அங்கே இருந்துகொண்டுதான், பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் அசைவது, நிறம் என ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1952-ல் முன்வைத்தார். இன்றும் உலகம் முழுக்கப் பிரசவ அறைகளில் அவர் பெயரால் அந்த மதிப்பெண் போடுகிறார்கள். இதைச் சொல்வதால் கதவு சாத்தியவர் செய்தது நியாயம் ஆகிவிடாது. உங்களுக்கு ஒரு துறை வேண்டும் என்றால் முதலில் முட்டிப் பாருங்கள். உண்மையாகவே திறக்கவில்லை என்றால், பக்கத்தில் கூட்டம் குறைவாக உள்ள பிரிவு எது என்று பாருங்கள்.

இனி இடைவெளி. இதில் எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. "பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்" என்று சொல்வது ஆறுதல், அவ்வளவுதான். திரும்பலாம், ஆனால் சில விஷயங்களைக் கைவிடாமல் வைத்திருந்தால். மாடலின் ஆல்பிரைட் 1959-ல் வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரியில் பட்டம் வாங்கிய சில நாட்களில் திருமணம் செய்துகொண்டார். 1961-ல் குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பெண்கள் மருத்துவமனையில் இருந்த நாட்களில் ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கினார். குழந்தைகள் வளர வளரப் படிப்பும் கூடவே போனது. முனைவர் பட்டம் 1976-ல். அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானது 1997-ல், 59 வயதில். இதைக் கேட்டு உற்சாகப்படுவதற்கு முன், அவர் திருமணம் செய்த குடும்பம் பெரும் வசதியான பத்திரிகைக் குடும்பம் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உதவிக்கு ஆள் வைக்க முடியாதவர்கள் அதே வேகத்தில் போக முடியாது. மெதுவாகப் போவதில் தவறும் இல்லை. ஆனால் நூல் அறுந்துவிடக் கூடாது.

அந்த நூல் என்ன? தொழில் பதிவோ உரிமமோ உள்ள துறை என்றால் அதைக் காலாவதி ஆகாமல் புதுப்பித்து வைப்பது. வருடத்துக்கு ஒன்றாவது, தேதியோடு காட்டக்கூடிய ஒரு வேலை: ஒரு மொழிபெயர்ப்பு, ஒரு பகுதிநேர வகுப்பு, ஒரு சங்கத்தின் கணக்கு, எதுவானாலும் சரி. பழைய இடத்தில் இரண்டு பேரோடாவது தொடர்பு, வாழ்த்துச் செய்தியோடு நிற்காமல் "இப்போது அங்கே என்ன மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள்" என்று கேட்கும் அளவுக்கு. உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. திரும்பும்போது சுயவிவரத்தில் இடைவெளியை மறைத்து மழுப்ப வேண்டாம். "2031–2036: குழந்தை வளர்ப்பு, இந்தக் காலத்தில் இன்ன படிப்பு முடித்தேன்" என்று ஒரே வரி போதும். நேர்முகத்தில் அதற்கு நீளமாக மன்னிப்புக் கேட்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கென்றே சில மாதப் பயிற்சிப் பணிகள் இப்போது பல பெரிய நிறுவனங்களில் உண்டு. அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் 2008-ல் தொடங்கிய 'ரிட்டர்ன்ஷிப்' திட்டம் அதில் முன்னோடி.

பெண்கள் கல்லூரி குறையா என்ற கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. 1973-ல் எலிசபெத் டிட்பால் என்ற அமெரிக்க ஆய்வாளர், சாதித்த பெண்களின் பட்டியலில் பெண்கள் கல்லூரிகளில் படித்தவர்களே கூடுதல் விகிதத்தில் இருக்கிறார்கள் என்று காட்டினார். கல்லூரிகள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. அந்தக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களே வசதியான, பொறுக்கி எடுத்த மாணவிகள், அதனால் பெருமை கல்லூரிக்கா குடும்பத்துக்கா என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனவே பெயரை நம்பிப் பெருமைப்படவும் வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்து, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் முடித்து, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தி, மிச்சிகனுக்குப் போய் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி, இருபாலர் கல்லூரி என இரண்டு வகை இடங்களிலும் இருந்தவர். உங்களிடம் உள்ள உண்மையான அனுகூலம் இதுதான்: மேடை, மைக், பட்ஜெட், தேர்தல், சண்டை எல்லாவற்றையும் பெண்களே நடத்திப் பழகியிருப்பீர்கள். அதை நேர்முகத்தில் குறிப்பாகச் சொல்லுங்கள், எத்தனை பேர், எவ்வளவு பணம், என்ன சிக்கல் என்று. பற்றாக்குறை இருந்தால் ஒன்றுதான், ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்தில் குறுக்கே பேசுபவரை நிறுத்திப் பேசும் பழக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான விவாதப் போட்டி, இன்டர்ன்ஷிப் என்று நாலு இடம் போனால் வந்துவிடும்.

சரி, சீனியர்களிடம் எப்படிப் போவது? 1957-ல் அமெரிக்க எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் தன் ஸ்மித் கல்லூரித் தோழிகளுக்கு, பட்டம் வாங்கிய பதினைந்தாம் ஆண்டுச் சந்திப்புக்காக ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். படித்த இல்லத்தரசிகளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று அதில் வந்த பதில்கள் பின்னால் ஒரு பெண்ணிய இயக்கத்துக்கே தீனி போட்டன. உங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஐந்தாறு பேர் போதும். அதில் பாதிப் பேராவது மலரில் பெயர் வராதவர்களாக இருக்கட்டும். துறை ஆசிரியையிடம் கேட்டால் எண் கிடைக்கும். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் மேடம். நான் நம் கல்லூரியில் வரலாறு மூன்றாமாண்டு படிக்கிறேன். நீங்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பதாக விழா மலரில் படித்தேன். நம் பாடத்திலிருந்து அங்கே எப்படிப் போனீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வேலை கேட்டு எழுதவில்லை. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இருபது நிமிடம் போனில் பேச முடியுமா?"

பேசும்போது "உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மலரில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். முதல் வேலை இருப்பது யார் மூலம் தெரிந்தது? அந்த வேலையை ஏன் விட்டீர்கள்? விட்ட பிறகு அடுத்தது கிடைக்கும்வரை செலவுக்கு என்ன செய்தீர்கள்? குழந்தை சின்னதாக இருந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? உங்கள் வகுப்பில் உங்களைவிட நன்றாகப் படித்தவர் இப்போது என்ன செய்கிறார்? கடைசிக் கேள்விக்குச் சிலர் சற்று யோசித்துவிட்டு, அந்தத் தோழியின் எண்ணையே தருவார்கள். அவரோடும் பேசுங்கள். பணத்தைப் பற்றிய கேள்விக்கு நெளிந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பேசியவர் யாரையாவது பார்க்கச் சொன்னால், அந்த வாரமே பாருங்கள். பார்த்துவிட்டு என்ன ஆனது என்று அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள்.