சிரட்டை கட்டிய மரங்களும் குளச்சல் போரும்

கேள்வி: எங்கள் ஊர் நூலக ஆண்டுவிழாவில் குளச்சல் போரை நாடகமாகப் போட்டோம். திரைச்சீலையில், பால் வடியச் சிரட்டை கட்டிய ரப்பர் மரங்கள் நிறைந்த தோட்டம் வரைந்திருந்ததையும், வீரர்கள் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கும்) சிவக்கச் சிவக்க மீன்கறியும் உண்பதாகக் காட்டியதையும் பார்த்த தமிழாசிரியர் ஒருவர், ‘எல்லாம் காலவழு’ என்றார். அது இலக்கணச் சொல் அல்லவா? அவர் கூறியது சரிதானா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நன்னூல் கூறும் ஏழு வழுக்களில் (பிழைகளில்) காலவழுவும் ஒன்று, ‘நேற்று வருவான்’ என்பதுபோல வினையின் காலம் பிறழ்வதே அது. ஒரு காலத்துப் பொருளை அதற்கு உரியதல்லாத காலத்தில் கொண்டுபோய் வைப்பதையும் சிலர் அச்சொல்லாலேயே குறிக்கிறார்கள். குழப்பத்தைத் தவிர்க்க, ‘காலமுரண்’ என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

ரப்பர் மரத்துக்கு மன்னிப்பே இல்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுப் படை குளச்சலில் தோற்றது 1741இல். பிரேசிலின் ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தை அடைந்ததே 1876இல்தான், திருவிதாங்கூரில் தோட்டங்கள் எழுந்தது அதற்கும் பிறகு. மரச்சீனியும் தென்னமெரிக்கப் பயிரே. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்த பின்னரே அது இங்கு ஏழை எளியவரின் அன்றாட உணவாயிற்று என்பதால், மார்த்தாண்ட வர்மாவின் வீரர்கள் அதை வழக்கமான சாப்பாடாக உண்பதும் பொருந்தாது.

ஆனால் மீன்கறியின் சிவப்பில் ஆசிரியர் குறை காண வேண்டியதில்லை. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். எனினும் 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியதைத் தொடர்ந்து போர்த்துகீசியர் வழியாக வந்த அது, 1741க்குள் இக்கரையில் நன்றாக வேரூன்றிவிட்டது. நம் பக்கத்தில் மிளகை ‘நல்லமிளகு’ என்கிறோமே, பின்னால் வந்த காய் பெயரில் பங்கு கேட்டதால்தான் பழையது அந்த அடைமொழியைச் சேர்த்துக்கொண்டது என்று நான் கருதுகிறேன். அதே கறியைச் சங்ககாலச் சேரன் முன் பரிமாறினால் மட்டுமே அது காலமுரண்.

ஒன்றைத் தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ‘குமரி மாவட்டத்தில் நடந்த போர்’ என்று அறிவிப்பாளர் சொன்னால் பிழையில்லை, அவர் இன்றைய மனிதர். அதையே மன்னர் வேடமிட்டவர் சொன்னால் பிழை. அம்மாவட்டம் பிறந்தது 1956 நவம்பர் 1ஆம் நாள்.

திரைச்சீலையைத் தூக்கி எறிய வேண்டாம். சிரட்டைகளை அழித்து, மரங்களை அயினியாகவோ பனையாகவோ மாற்றி வரைந்தால் போதும்.