ஒட்டு விட்ட செல்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'இ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்று போட்டிருக்கிறார்கள். நெகட்டிவ் என்றால் நல்லதுதானே? (வாசகி, குடியாத்தம்)

பதில்: சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை மாதிரி இதைப் படிக்கக் கூடாது. இ-கேட்ஹெரின் என்பது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்; எடுத்த சதையில் அது தென்படவில்லை என்பதே 'நெகட்டிவ்'. இது நல்லதையோ கெட்டதையோ சொல்லவில்லை. எந்த வகைப் புற்று என்பதைச் சொல்கிறது.

ஆம்பூரில் ஷூ வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். மேல்தோலையும் உள்தோலையும் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் தையலும் போடுவார்கள். பால் சுரப்பிக் குழாயில் வரிசையாக நிற்கும் செல்களுக்கும் இப்படிப் பல பிடிகள் உண்டு. மேல் விளிம்பில் இடுக்கை அடைப்பது கிளாடின். அதற்குக் கீழே இ-கேட்ஹெரின். இன்னும் கீழே, பிரஸ் பட்டன் போல அங்கங்கே டெஸ்மோசோம். இவற்றில் இ-கேட்ஹெரின்தான் பக்கத்துச் செல்லின் இ-கேட்ஹெரினை நேருக்கு நேர் பிடித்துக்கொள்வது; கால்சியம் இல்லாவிட்டால் அந்தப் பிடி நிற்காது. செல்லுக்குள்ளே அதன் வால் கேட்டெனின் புரதங்கள் வழியாக, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் நாரோடு கட்டப்பட்டிருக்கும்.

16-ஆவது குரோமோசோமில் உள்ள சிடிஎச்1 மரபணு கெட்டுப்போனால் இ-கேட்ஹெரின் உருவாகாது. செல்கள் உருண்டு திரளாமல், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகத் திசுவுக்குள் நுழையும். இதுதான் 'லோபுலர்' வகை. பரவும் மார்பகப் புற்றுகளில் 10 முதல் 15 சதவீதம். இவற்றில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) உள்ளவை என்பதால் ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆகவே அடுத்ததாக டாக்டரிடம் கேட்க வேண்டியது ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) முடிவுகளையும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும்தான்.

கேள்வி: மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு மாதத்தில் அதே இடத்தில் புற்று என்கிறார்கள். படம் எடுத்தவர்கள் தவறா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: உங்கள் படத்தைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் லோபுலர் வகை மேமோகிராமுக்குப் பிடிகொடுக்காது என்பது உண்மை. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாததால் கட்டியாகத் திரளுவதில்லை; சுண்ணாம்புப் புள்ளிகளும் குறைவு. கைக்கும் உருண்டையாகப் படாமல், ஒரு பக்கம் கெட்டித்தது போலவோ தோல் உள்ளிழுத்தது போலவோதான் தெரியும். அப்படி இருந்தால் மேமோகிராமோடு நிற்காமல் அல்ட்ராசவுண்டும், டாக்டர் சொன்னால் எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. கேட்பதும் இதனால்தான்: படத்தில் தெரியும் அளவைவிட நோய் பெரிதாக இருக்கக்கூடும்.

கேள்வி: ஊரில் எடுத்த சதையை வேலூரில் சோதித்தபோது 'மாதிரி சரியில்லை' என்றார்கள். என்ன கெட்டிருக்கும்? (வாசகர், ஆற்காடு)

பதில்: பெரும்பாலும் சதையைக் கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலின் விஷயம்தான். எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் மூழ்க வேண்டும். சதையின் அளவைப் போல பத்து மடங்கு திரவம் வேண்டும். மார்பகத் திசு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். சலைன் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் அனுப்பினால் சதை அழுகத் தொடங்கிவிடும். பெரிய கட்டியை வெட்டாமல் முழுசாகப் போட்டால் நடுவில் ஃபார்மலின் இறங்காது, அங்கே புரதம் சிதைந்துவிடும். புரதம் இருப்பதைக் காட்டச் சோதனையில் ஏற்றும் பழுப்புக் கறை அந்தப் பகுதியில் விழாமல் போனால் பொய்யான நெகட்டிவ் வரும்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதே ஸ்லைடில் பக்கத்தில் இருக்கும் நல்ல பால்குழாய்ச் செல்களின் விளிம்பு பழுப்பாகியிருக்க வேண்டும். அதுவும் வெளுத்திருந்தால் அந்த முடிவை நம்பக் கூடாது. மறுபுறம், சில லோபுலர் கட்டிகளில் வேலை செய்யாத புரதம் ஒட்டிக்கொண்டு கறையைக் காட்டும். அப்போது இ-கேட்ஹெரினின் வாலோடு சேரும் பி120 கேட்டெனினைப் பார்ப்பார்கள்: அது செல்லின் விளிம்பில் நிற்காமல் உள்ளே முழுக்கப் பரவியிருந்தால் லோபுலர்.

இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது; பாரஃபின் பிளாக்கையும் (சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். வேலூர் மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பிளாக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பாரஃபின் மெழுகு 60 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும்.

கேள்வி: ஊசி குத்தினால் ஒட்டு விட்டுப் புற்று பரவிவிடும் என்கிறார்களே? (வாசகி, காட்பாடி)

பதில்: மார்பக ஊசி பயாப்ஸியால் நோய் பரவுவது மிக மிக அரிது, அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஒட்டு விடுவது ஒன்றே பரவலுக்குப் போதாது என்பதையும் கவனியுங்கள். ரத்தத்தில் தனியாகப் போகும் புற்றுச் செல்களைவிட, ஒட்டிக்கொண்டு கொத்தாகப் போகும் செல்களே வேறிடத்தில் எளிதில் வேர் பிடிக்கின்றன. மார்பகம் சிவந்து வீங்கும் இன்ஃப்ளமேட்டரி வகையில் இ-கேட்ஹெரின் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அது வேகமாகப் பரவும்.

கேள்வி: அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இரைப்பைப் புற்று. எங்களுக்கும் வருமா? (வாசகர், ஆரணி)

பதில்: இருவரின் பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். ஒருவருக்காவது 'டிஃப்யூஸ்' (செல்கள் திரளாமல் பரவும் வகை) அல்லது 'சிக்னெட் ரிங்' (மோதிரம் போலத் தெரியும் செல்கள்) என்று இருந்தால், மரபணு ஆலோசகரிடம் சிடிஎச்1 சோதனை பற்றிக் கேட்கலாம். சிடிஎச்1-க்கும் இந்த வகை இரைப்பைப் புற்றுக்கும் உள்ள தொடர்பு 1998-இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் கண்டறியப்பட்டது. முடிந்தால் நோய் வந்தவருக்கு முதலில் சோதியுங்கள். அவரிடம் சிடிஎச்1 மாற்றம் தென்பட்டால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இறங்கியிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம். மாற்றம் உள்ளவர்களுக்கு எண்டோஸ்கோப்பி சுத்தமாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. செல்கள் மேற்பரப்புக்கு அடியில் தனித்தனியாக ஒளிந்திருக்கும். 30 இடங்கள் வரை சதை எடுத்தும் தப்பிவிடுவதுண்டு. அதனால்தான் அவர்களில் பலருக்கு இரைப்பையை முன்கூட்டியே அகற்றுவது பற்றி டாக்டர்கள் பேசுகிறார்கள். பெண்களுக்கு லோபுலர் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் இதில் அதிகம். வீட்டில் அத்தை, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள்.