ரத்தினக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? ஒரே இடத்தில் நிற்காதீர்கள்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அருங்காட்சியகத்தில் நடக்கும் அரிய ரத்தினங்கள், பழைய நகைகள் கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். கற்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்பு ஒரு தடவை இப்படிப் போனபோது நாலு பெட்டி தாண்டியதும் எல்லாமே ஒரே மாதிரி மின்னுவதாகப் பட்டது. இந்தத் தடவை உருப்படியாகப் பார்ப்பது எப்படி? லென்ஸ் கொண்டுபோகலாமா? அசல் எது, போலி எது என்று பார்த்தே சொல்ல முடியுமா?"

நாலு பெட்டியில் சலித்துப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான். பெட்டிக்கு நேராக நின்று, எத்தனை காரட் என்று படித்து, கல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தால் அப்படித்தான் ஆகும். பட்டை தீட்டிய கல் ஆள் நடமாடும்போது மின்னுவதற்காக வெட்டப்பட்டது; கண்ணாடிக்குள் அது அசையப்போவதில்லை, எனவே நீங்கள்தான் அசைய வேண்டும். முதலில் விளக்கு எங்கே இருக்கிறது என்று மேலே பாருங்கள். அப்புறம் தலையை மெதுவாக இடமும் வலமும் சாய்த்து, கொஞ்சம் குனிந்து, ஒரே கல்லை இரண்டு நிமிடமாவது பாருங்கள். வைரமாக இருந்தால் வெள்ளை மின்னலுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாகச் சிறு பொறிகள் தெறிக்கும்.

இதை நன்றாகக் காட்டிக்கொடுப்பது நட்சத்திரக் கல். நியூயார்க் அருங்காட்சியகத்தில் உள்ள 563 காரட் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' (1964இல் திருட்டுப்போய்த் திரும்பி வந்த நீலக்கல்) இந்த வகைதான். கல்லுக்குள் ரூட்டைல் என்ற கனிமத்தின், முடியைவிட மெல்லிய ஊசிகள் மூன்று திசைகளில் அடுக்காகக் கிடக்கின்றன, ஒவ்வொரு அடுக்கும் வெளிச்சத்தை ஒரு கோடாகத் திருப்பி அனுப்ப, மூன்று கோடுகள் குறுக்கே வெட்டி ஆறு கதிர் நட்சத்திரமாகின்றன. விளக்கு ஒற்றைப் புள்ளியாக இருந்தால்தான் அது கூர்மையாகத் தெரியும். நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் நட்சத்திரமும் கல்லின் மேல் வழுக்கி நகரும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் முதலில் இதைக் காட்டுங்கள்.

காரட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், அது எடை. ஒரு காரட் 0.2 கிராம். வாஷிங்டனில் உள்ள புகழ்பெற்ற ஹோப் வைரம் 45.52 காரட், அதாவது ஒன்பது கிராமுக்குச் சற்று மேல், நேரில் பார்த்து "இவ்வளவுதானா?" என்பவர்கள் ஏராளம். அதன் சுவாரசியம் அளவில் இல்லை. துளி போரான் கலந்ததால் வந்தது அந்தச் சாம்பல் கலந்த நீலம், புற ஊதா ஒளி காட்டி அணைத்தால் சில நொடிகள் நெருப்புத் துண்டு மாதிரி சிவப்பாக ஒளிரும். இப்படி ஒரு கல்லுக்கு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டு பாருங்கள், ஒன்றோடொன்று குழம்பாது. மரகதத்துக்குள் தெரியும் கீறல், மூட்டத்தையும் குறை என்று ஒதுக்காதீர்கள். மரகதம் அப்படித்தான் இருக்கும், துளிகூட மாசு இல்லாத பெரிய மரகதத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

அசல், போலி விஷயத்துக்கு வருவோம். கண்ணாடிக்கு வெளியே நின்று, கற்களைச் சோதிப்பதே வேலையான எங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குக் கருவி வேண்டும். பிரிட்டிஷ் மணிமுடியின் முன்பக்கம் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று ஒன்று உண்டு, அது மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்ற வேறொரு கல். இரண்டுக்கும் சிவப்பு தருவது குரோமியம்தான், பழங்காலத்தில் பிரித்துப் பார்க்க வழியில்லை. அப்புறம், 1900களின் தொடக்கத்திலேயே செயற்கை மாணிக்கம் சந்தைக்கு வந்துவிட்டதால், அதன் பிறகு செய்த அசலான பழைய நகைகளிலும் அது இருக்கலாம். எனவே அந்தக் கவலையை விட்டுவிட்டு விவரப் பலகையை நம்புங்கள்.

லென்ஸ் வேண்டாம். நாங்கள் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் கல்லிலிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டரில் பிடித்தால்தான் தெளியும், பெட்டிக்கு வெளியே அதனால் பயனில்லை. அரை மீட்டர் தூரத்திலும் குவியும் சிறிய ஒற்றைக்கண் தொலைநோக்கி கிடைத்தால் எடுத்துப்போங்கள், கல்லைப் பிடித்திருக்கும் உலோக நகங்களும் பட்டைகளின் விளிம்புகளும்கூடத் தெரியும்.

நகைப் பகுதியில் கல்லை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல கண்காட்சியில் அது தெரியக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பார்கள். பழைய நகைகளில் கல்லின் பின்புறம் மூடியிருக்கும், உள்ளே நிறம் கூட்ட மெல்லிய உலோகத் தகடு வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் வெளிச்சம் உள்ளே போகப் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். பழைய வைரங்கள் இன்றைய விளக்கில் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம், அவை மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காக வெட்டியவை. கொக்கியும் திருகாணியும் தேய்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள், அணிந்த நகைக்கும் பெட்டியிலேயே கிடந்த நகைக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். போன் டார்ச்சும் வேண்டாம், குன்சைட் என்ற இளஞ்சிவப்புக் கல் போன்ற சில கற்கள் பலமான வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும், சில அறைகள் மங்கலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்புச் சட்டை போட்டுப் போனால் கண்ணாடியில் உங்கள் உருவம் குறைவாகத் தெரியும். வார நாளில், திறந்தவுடன் போங்கள். கூட்டத்தில் தலையைச் சாய்க்கவே இடம் இருக்காது.