கேளுங்கோ அக்கா: வீட்டில இருக்கிறது ஒரு போன்

கேள்வி: மகளுக்கு 15 வயசு, ஓ.எல் எடுக்கப்போறாள். ஒரு மாசமா ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல, சாப்பாடும் குறைவு, இரவிரவா முழிச்சிருக்கிறாள். வெளிநாட்டில இருக்கிற தம்பி மனசுக்கெண்டு ஒரு ஆப் போட்டுத்தந்தவன். 4 நாள் பாத்திட்டு விட்டிட்டாள். வீட்டில ஒரு போன்தான், அதுவும் இவரின்ர. பேசியாவது பாக்க வைக்கட்டோ அக்கா? (ஒரு அம்மா, விசுவமடு)

பேசாதேங்கோ தங்கச்சி. 4 நாள் பாத்ததே பெரிய விசயம். மனநல ஆப்புகளைப் பற்றி 2019ல வந்த ஒரு ஆய்வில, போனில போட்டவையில 15ம் நாளும் அதைத் திறக்கிற ஆக்கள் 100க்கு 4 பேர்கூட வரேல்ல, அது பெரிய ஆக்களையும் சேத்துத்தான், அப்ப உங்கட பிள்ளையில என்ன பிழை?

அதுக்காக இதெல்லாம் சும்மா எண்டும் சொல்லமாட்டன். நியூசிலாந்தில ஸ்பார்க்ஸ் எண்டு ஒரு கேம் செய்தவை, 7 கட்டம், மனசில தானா வாற கெட்ட யோசினையளை பிள்ளை அதில சுட்டு விழுத்தோணும். 12இல இருந்து 19 வயசு வரைக்கும் 187 பிள்ளையளை ரெண்டாப் பிரிச்சு ஒரு பகுதிக்கு கேம், மற்றப் பகுதிக்கு வழமையான கவுன்சிலிங் குடுத்துப் பாக்க, கேம் ஒண்டும் குறைஞ்சு போகேல்ல எண்டு 2012ல எழுதினவை. ஆனா ஒண்டைக் கவனியுங்கோ, அந்தப் பிள்ளையள் எல்லாம் ஏற்கெனவே உதவி கேட்டு வந்த பிள்ளையள், உயிருக்கு ஆபத்தான நிலையில இருந்த பிள்ளையளை அதுக்குள்ள சேக்கவும் இல்லை. உங்கட மகளிட்ட ஆர் கேட்டவை? தம்பி லிங்க் அனுப்பினார், அவ்வளவுதான்.

மற்றது போன். நான் மிட்வைஃபா சைக்கிளில திரிஞ்ச காலத்தின்ர கடைசியில கண்டது இது. சிக்னல் வாறதெண்டு யன்னல் கம்பியோட ஒரு ரப்பர் பாண்ட் போட்டு போனைக் கட்டி வச்சிருந்தினம். டிங் எண்டுது. தேப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "இண்டைக்கு உங்கட மனசு எப்பிடி இருக்கு?" எண்டு சத்தமா வாசிச்சார், தம்பிக்காரன் கெக்கட்டமிட்டுச் சிரிச்சான், அந்தப் பெட்டை எழும்பி கிணத்தடிக்குப் போயிட்டாள். பிறகு ஏன் அந்த ஆப்பைத் திறக்கப்போறாள்? ஆப் செய்யிற ஆக்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு போன் எண்டு நினைச்சுத்தான் செய்யினம், எங்கட பக்கம் ஒரு போனுக்கு அஞ்சு பேர்.

இப்ப நீங்கள் செய்யவேண்டியது, அடுப்படியில ரெண்டு பேரும் மட்டும் இருக்கேக்க கேளுங்கோ. "செத்தாப் பரவாயில்லை எண்டு நினைக்கிறியோ பிள்ளை" எண்டு நேராவே கேக்கலாம், கேட்டதால அந்த நினைப்பு புதுசா வராது. ஓம் எண்டாள் எண்டால் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கொண்டு போங்கோ, தனிய விடாதேங்கோ, வீட்டில கிடக்கிற பயிர் மருந்தையும் உடனே அப்புறப்படுத்துங்கோ. இல்லை எண்டாலும் ஒரு மாசமா இப்பிடி எண்டபடியால் மனநல கிளினிக்கில காட்டத்தான் வேணும். இரவிலயும் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன். யொவுன் பியச எண்டு இளம் ஆக்களுக்கான கிளினிக்கும் சில ஆஸ்பத்திரியளில இருக்கு, உங்கட மிட்வைஃபிட்ட விசாரியுங்கோ.

கேள்வி: 10ம் வகுப்பு பெட்டையளுக்கு வட்ஸ்அப் குரூப் ஒண்டு போட்டு சுகாதார விசயங்கள் அனுப்ப யோசிக்கிறன். பிரயோசனமா இருக்குமோ? (ஒரு ரீச்சர், துணுக்காய்)

நல்ல யோசினை ரீச்சர், ஆனா சும்மா தகவலாக் கொட்டாதேங்கோ. கானாவில அக்ரா நகரத்தில 38 பள்ளிக்கூடத்துப் பெட்டையள் 756 பேரை வச்சு ஒரு ஆய்வு செய்தவை, 2017ல வந்தது. ஒரு பகுதிக்கு எஸ்எம்எஸ்ஸில தகவல் மட்டும், இன்னொரு பகுதிக்கு கேள்வி அனுப்பி பதில் கேட்டு, சரியாச் சொன்னால் போனுக்கு கொஞ்சக் காசு போட்டுவிட்டவை. ஒண்டுமே அனுப்பாத பகுதியோட பாக்க, 3 மாசத்தில தகவல் மட்டும் போன பெட்டையளின்ர அறிவு 11 புள்ளி கூட, கேள்வி போன பெட்டையளுக்கு 24 புள்ளி கூட. அதால கேள்வியா அனுப்புங்கோ. ரீலோட் உங்கட பொக்கற்றால போகும், அதுக்கு நான் பொறுப்பில்லை.

குரூப் மட்டும் வேண்டாம். பெட்டையளின்ர நம்பர் எல்லாருக்கும் தெரியும், பிறகு ஆரின்ர தமையன் எந்த நம்பருக்கு எடுப்பான் எண்டு உங்களுக்கே தெரியும். புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கோ, ஒருத்தற்ற நம்பர் மற்றவைக்குத் தெரியாது, ஆனா உங்கட நம்பரை அந்தந்தப் போனில சேவ் பண்ணியிருந்தால்தான் மெசேஜ் போகும். பீரியட் பற்றின கேள்வியை மட்டும் பேப்பரில எழுதி வகுப்பிலயே குடுங்கோ, அது தேப்பன்ர போனுக்குப் போகவேண்டாம்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில கிழமைக்கு ஒருக்கா தாற இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் இருக்க போனில அலாரம் வைக்கலாமோ? (மாணவி, நெடுங்கேணி)

வை பிள்ளை, ஆனா அலாரத்தைவிட பிளேன்ரீயைப் பார். குளிசையைப் போட்ட கையோட தேத்தண்ணி குடிச்சால் இரும்புச்சத்து உடம்பில சரியாச் சேராது. ரெண்டு மணித்தியாலம் விட்டுக் குடி, குளிசையை தேசிக்காய்த் தண்ணியோட போட்டால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாப் போகும், பயப்பிடாத.