மாதவிடாய் நின்ற பிறகு வாய் வறண்டுகொண்டே இருக்கிறது. இதற்கும் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. "தண்ணி சரியா குடிக்கிறதில்ல, அதான்" என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

42 வயதில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்தது, வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்தபோதுதான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் சொன்னார்களாம். இயல்பாக மாதவிடாய் நிற்பவர்களுக்கு, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சில வருடங்களில் குறையும். எனக்கு ஒரேயடியாக விழுந்தது. ஆறு மாதத்தில் இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினேன். ராத்திரி மூன்று மணிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வரும். ரசம் பட்டாலே எரியும்.

அடுத்த வருடம் ஈறோரமாக நான்கு பல்லில் சொத்தை. "ஒழுங்கா பல் தேய்க்க மாட்டீங்களாம்மா?" என்றார் பல் டாக்டர். இரண்டு வேளையும் தவறாமல் தேய்ப்பவள் நான். அந்தச் சொல் இன்னும் சுடுகிறது.

"சினைப்பையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டவர் அடுத்து நான் போன டாக்டர். உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு, அந்த ஹார்மோன் குறைந்தால் எச்சில் ஊறுவதும் குறையலாம் என்று விளக்கினார். 15 நிமிடம் ஒரு கப்பில் எச்சிலை வடியவிட்டு அளந்தார். 1.5 மில்லிக்குக் குறைந்தால் வறட்சி, எனக்கு 1.1. சாப்பிட்டபின் வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதும், பல்லில் கரைந்த கால்சியத்தைத் திரும்பச் சேர்ப்பதும் உமிழ்நீர்தான். அது இல்லாமல் எவ்வளவு தேய்த்து என்ன?

எல்லாமே ஹார்மோன்தான் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அலர்ஜி மாத்திரை, சில பிபி மாத்திரைகள், சர்க்கரை நோய் எல்லாமே வாயை உலர்த்தும். கண்ணும் சேர்ந்து உறுத்தினால் ஷோகிரன் நோய்க்கு (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது) ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்குத்தான் அது அதிகம் வரும். எனக்கு இல்லை என்று வந்தது. ஹார்மோன் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

இப்போது ஃபுளூரைடு அதிகமுள்ள பேஸ்ட், சர்க்கரையில்லாத சூயிங்கம், அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் என்று சமாளிக்கிறேன். அந்தத் தண்ணீர்தான் பிரச்சினை. நான் டீச்சர். தினமும் ஐந்து பீரியட் தொண்டையைத் திறக்க வேண்டும். எங்கள் பள்ளியில் 22 ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. பாதிப் பேர் மதியம் வரை தண்ணீரே தொடுவதில்லை. இரண்டு முறை மனு கொடுத்தேன். ஜூன் மாதம் மூன்றாவதாக, டாக்டர் சீட்டின் நகலையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன்.